நாலாவது இடத்தில் என் தங்கை

ராணி மட்டையை எடுத்துக்கொண்டு நடந்து வந்தபோது எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

கைதட்டப் போகிறார்கள் என்று நடுவராக நின்ற மலாய்ப் பெண்மணி நினைத்திருக்க வேண்டும். முகத்தில் லேசாக ஒரு சிரிப்புகூட வந்தது. எழுந்தவர்கள் கைதட்டவில்லை. அப்படியே திரும்பி, திடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

ஈப்போவில் மதிய வெயில் இறங்கி, சுண்ணாம்புக் குன்றுகளுக்குப் பின்னால் மேகம் கறுத்துக்கொண்டிருந்த நேரம். காற்றில் மழை வாசனை. வழக்கமாக எங்கள் பெண்கள் யார் அடிக்க வந்தாலும் உறுமி மேளம் காதைப் பிளக்கும். அன்றைக்கு உறுமி பெஞ்சின் மேல் சும்மா கிடந்தது. அதன் சொந்தக்காரன் குணசேகரன் எனக்குப் பக்கத்தில் திரும்பி நின்றான். அவன் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது.

நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன், திடலைப் பார்த்தபடி. அத்தனை மஞ்சள் சட்டை முதுகுகளுக்கு நடுவே ராணிக்குத் தெரிந்த ஒரே முகம் என்னுடையது.

ராணி என் தங்கை. அவளை நாலாவது ஆளாக அடிக்க அனுப்பியவள் என் மனைவி புஷ்பா. முதுகைக் காட்டி நின்றவர்கள் என் நண்பர்கள்.

டயர் கடையில் நான் வேலை பழகிய கதையைப் போன வாரம் படித்துவிட்டு, "உங்கள் வீட்டம்மா சாஃப்ட்பால் கோச்சாமே, அதைப் பற்றி ஏன் எழுதவில்லை?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். மறைக்க ஒன்றும் இல்லை. நான் என் வாழ்க்கையில் பார்த்த பெரிய சண்டைகளில் ஒன்று, ஒன்பது பெண்களின் பெயரை எந்த வரிசையில் எழுதுவது என்பதைப் பற்றியது. முழுதாகவே சொல்லிவிடுகிறேன்.

ஒன்பது பேர், ஒரு வரிசை

சாஃப்ட்பால் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். ஒரு டீம் பந்து போடும். மற்ற டீமிலிருந்து ஒன்பது பேர் ஒருவர் பின் ஒருவராக வந்து அடிப்பார்கள். அடித்தவள் முதல் பேஸுக்கு ஓட வேண்டும். அங்கிருந்து இரண்டாவது, மூன்றாவது பேஸ். கடைசியில் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால் ஒரு ஓட்டம். மூன்று பேர் அவுட் ஆனால் முறை மாறும். யார் முதலில் அடிப்பது, யார் பிறகு என்ற வரிசையை ஆட்டத்துக்கு முன்பே கோச்சோ மேனேஜரோ எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

அந்த வரிசையில் நாலாவது இடம் ராஜா இடம். முதல் மூன்று பேரில் யாராவது பேஸில் போய் நின்றால், அவர்களைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிற பொறுப்பு நாலாவது ஆளுக்கு. எல்லா டீமிலும் அங்கே இருப்பதிலேயே பலசாலியைத்தான் நிறுத்துவார்கள்.

எங்கள் டீமில் பலசாலி மல்லிகா. இருபத்தாறு வயது, கையுறைத் தொழிற்சாலையில் வேலை. அவள் ஒழுங்காக ஒன்று கொடுத்தால் பந்து வேலியைத் தாண்டிப் போய்ச் சாக்கடையில் விழும். அவளைப் புஷ்பா ஐந்தாவதாகப் போட்டாள். நாலாவதாக ராணி. நாற்பத்தொரு வயது, பள்ளி வேன் ஓட்டுகிறவள், ஆட்ட நாளில் அதே வேனில் டீம் பெண்களை ஏற்றி வருகிறவள், நாலைந்து ஆட்டமாக ஒரு ஓட்டம்கூடக் கொண்டுவராதவள்.

வித்தியாசம் ஒரே ஒரு இடம்தான். அதற்குத்தான் இத்தனை கூத்து.

டீமின் பெயர் மெராந்தி மகளிர். மெராந்தி நாங்கள் பிறந்த ரப்பர் தோட்டம். இப்போது அங்கே எண்ணெய் எடுக்கிற செம்பனை நிற்கிறது. ஆட்கள் ஈப்போவைச் சுற்றி அடுக்குமாடிகளில் இருக்கிறோம். தோட்டத்துக்கே திரும்பிப் போக வேண்டும் என்று ஆசைப்பட்ட ஒருவரையும் நான் பார்த்ததில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்றால் போதும். லாரி ஓட்டுகிறவன், பாதுகாவலர் வேலை பார்க்கிறவன், மருத்துவமனையில் கட்டில் தள்ளுகிறவன் எல்லாரும் மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். வாரம் முழுக்க மற்றவர் சொன்னபடி கேட்டு நடக்கிறவர்கள். அந்த ஒரு நாள் அவர்கள் சொல்வதை யாராவது கேட்க வேண்டும் என்று நினைப்பதில் தப்பில்லை.

நிரை பிரித்த காலம்

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன்.

தோட்டத்தில் விடிவதற்கு முன்பே பெரட்டு நடக்கும். ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்கள். கணக்கு எழுதுகிற கிராணி பெயரை வாசித்து, அன்றைக்கு யாருக்கு எந்த நிரை என்று சொல்வார். நிரை என்றால் பால் வெட்ட ஒருவருக்கு ஒதுக்குகிற மரங்கள். நல்ல நிரையில் தரை சமமாக இருக்கும், பால் ஊற்றும். கெட்ட நிரை மேட்டில் ஏறும்; கால் வழுக்கும், அட்டை கடிக்கும்.

என் அப்பா வெட்டியது பெரும்பாலும் மேட்டு நிரை. வீட்டுக்கு வந்து காலில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே அம்மாவிடம் கத்துவார்: "கங்காணி மச்சினனுக்கு ஒரு நாளாச்சும் மேட்டு நிரை விழுந்து பாத்திருக்கியா நீ?" அம்மா கண்ணால் சுவரைக் காட்டுவார். எங்களை மேய்த்த கங்காணியின் மச்சினன் பக்கத்து வீட்டுக்காரர். சுவர் பலகைதான்.

இப்படி வளர்ந்தவர்கள் நாங்கள். எங்களுக்கு முன்னால் நின்று யாராவது பெயர்களை வரிசையாக வாசித்தாலே, இதில் யாருடைய சொந்தக்காரன் இருக்கிறான் என்றுதான் மனசு தேடும். கிராணியும் போய்விட்டார், கங்காணியும் போய்விட்டார். அந்தத் தேடல் மட்டும் எங்களோடு லாரி ஏறி ஈப்போவுக்கு வந்துவிட்டது.

புஷ்பா மட்டை வரிசையை வாசித்தபோது குணசேகரனுக்கு அது நிரை பிரிப்பது மாதிரிதான் கேட்டிருக்கும். நாலாவது இடம் நல்ல நிரை. அது யாருக்குப் போகிறது? கோச்சின் நாத்தனாருக்கு.

அண்ணியும் நாத்தனாரும்

அங்கேதான் என் நண்பர்கள் தப்புக் கணக்குப் போட்டார்கள். எந்த ஊரில் ஓர் அண்ணி நாத்தனாருக்குச் சலுகை கொடுத்திருக்கிறாள்?

ராணியின் கல்யாண வாழ்க்கை சரியாக அமையவில்லை. ஒரு நாள் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, இரண்டு பைகளோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வா என்றோம். ஒரு வருடத்துக்கு மேல் எங்களோடு இருந்தாள். ஒரு சமையலறையில் இரண்டு பெண்கள் என்றால் சின்னச் சின்ன உரசல் வரும், போகும். அதெல்லாம் பெரிதில்லை.

பெரிதானது ஒரு பேச்சு. ராணியின் புருஷன் ஆள் அனுப்பியிருந்தான். அப்போது புஷ்பா, "ஒரு தடவை போயி பேசிப் பாரேன், ராணி" என்றாள். அவள் நல்லதற்குத்தான் சொன்னாள். ராணிக்கு அது 'வீட்டை விட்டுப் போ' என்று கேட்டது. அந்த மாதமே புந்தோங்கில் ஒரு வாடகை வீடு பார்த்துப் போய்விட்டாள். பேசிப் பார்க்கவும் இல்லை, புருஷனிடம் திரும்பவும் இல்லை. வேன் ஓட்டி மகளைப் படிக்க வைத்தாள்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொண்டதெல்லாம் திடலில் மட்டும்தான். "ஓடு." "நில்லு." "முழங்கைய எறக்கு." தீபாவளிக்குப் பலகாரம் என் கையில் போகும், என் கையில் வரும். ராணி எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

அப்படிப்பட்டவளைத்தான் புஷ்பா ஆட்டத்துக்கு ஆட்டம் நாலாவதாக நிறுத்தினாள். சலுகையாம்!

பீடோரில் வாங்கிய கொய்யா

அரையிறுதி பீடோரில் நடந்தது. நாங்கள்தான் ஜெயித்தோம். ஆனால் திரும்பி வரும்போது வண்டியில் ஒருவர் முகத்திலும் அந்தக் களை இல்லை.

ஆட்டத்தின் நடுவில் மூன்று பேஸிலும் எங்கள் ஆட்கள் நின்றார்கள். ஒருவர்கூட அவுட் இல்லை. ராணி வந்தாள். குணசேகரன் உறுமியை அடித்த அடியில் திடலுக்கு வெளியே நின்ற நாய் எழுந்து ஓடியது. இரண்டாவது பந்திலேயே ராணி வீசினாள். சத்தம் சுத்தமாக இருந்தது. பந்து இடுப்பு உயரத்தில் பறந்தது. பறந்த வேகத்தில் நேராக ஒரு பீடோர்ப் பெண்ணின் கையுறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அவளுக்கே நம்ப முடியவில்லை. பக்கத்து பேஸை விட்டு நகர்ந்திருந்த எங்கள் பெண்ணையும் அவள் தொட்டுவிட்டாள். ஒரே அடியில் இரண்டு அவுட்.

கடைசியில் வேறு எப்படியோ ஒரு ஓட்டம் வந்து தப்பித்தோம். ஆனால் ஆட்டம் முடிந்து கை கழுவுகிற இடத்திலேயே குணசேகரன் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. ராணிக்கா மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா இது என்னா வரிச லா? மல்லிகா அங்க நின்னிருந்தா நாலு ரன்னு. நாலு!"

"நாலு ரன்னுன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும் லா. எல்லாருக்கும் தெரியும். கோச்சுக்கு மட்டும்தான் தெரியல."

சாலையோரத்தில் கொய்யா வாங்கினோம். பீடோர் வழியாகப் போய்க் கொய்யா வாங்காமல் வந்தால் வீட்டில் கேட்பார்கள். ஈப்போ வரும் வரைக்கும் பை பிரிக்கப்படாமலே இருந்தது. வண்டி முழுக்க அந்த வாசனை. யாரும் ஒரு துண்டு கேட்கவில்லை.

அடுத்த நாள் காலையிலிருந்து டயர் கடையில் என் கைப்பேசி அடங்கவே இல்லை. ஆதரவாளர் குழுவில் ஒருவர் மாற்றி ஒருவர் குரல் பதிவு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஆளாளுக்கு ஒரு வரிசை எழுதினார்கள். எல்லா வரிசையிலும் நாலாவது மல்லிகா. ஒருவன் ராணியின் பெயரையே விட்டுவிட்டான். இன்னொருவன் எழுதியது: குடும்ப டீம் நடத்துறதா இருந்தா வீட்டுலயே நடத்திக்கச் சொல்லுங்க.

அதை ராணியும் படித்திருப்பாள். அவளும் அந்தக் குழுவில்தான் இருந்தாள்.

நெத்திலியும் நாலாவது இடமும்

அன்று சாயங்காலம் புஷ்பா சமையலறையில் உட்கார்ந்து நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். நான் எதிரில் போய் உட்கார்ந்தேன். அவள் நிமிராமலே கேட்டாள்.

"அவங்க சொல்லி அனுப்பிச்சாங்களா, நீங்களா வந்தீங்களா?"

"ரெண்டும்தான்."

"உங்களுக்கு என்னா தோணுது?"

நான் பொய் சொல்லவில்லை. "மல்லிகாவ நாலாவதா போடலாம்னுதான் எனக்கும் தோணுது."

"சரி. கேட்டுக்கிட்டேன். மாத்த மாட்டேன்."

"காரணம் என்னான்னாச்சும் சொல்லு."

கிள்ளுவதை நிறுத்தினாள். "ராணி அடிக்கலன்னு சொல்றாங்க. அவ அடிக்கிறா. பிடிச்சிர்றாங்க. ரெண்டும் ஒண்ணா? மட்டையில பந்து படுற சத்தத்தக் கேளுங்க. நம்ம டீமுல அப்படிச் சத்தம் வேற யாருக்கு வருது? இன்னும் நாலு அடி தள்ளிப் போயிருந்தா இந்நேரம் அவள தூக்கி வச்சிக் கொண்டாடியிருப்பாங்க."

"மல்லிகா?"

"நல்ல கை. ஆனா பேஸ்ல ஆள் நின்னா அவ காஞ்சியோங் ஆயிடுவா." பதற்றத்துக்கு எங்கள் ஊரில் எல்லாரும் சொல்கிற கந்தோனீஸ் சீன வார்த்தை அது. "வர்ற மொத பந்தையே தூக்கிடுவா, பிடிச்சிருவாங்க. நாலாவதுல நின்னா அவளுக்கு எப்பவும் பேஸ்ல ஆள் இருக்கும். இன்னும் ஒரு வருஷம் போவட்டும்."

"இத அவங்ககிட்ட சொல்லலாமே புஷ்பா. முடிஞ்சிடுமே."

"மல்லிகா பதறுவான்னு ஊருக்கே சொல்லவா? அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு எப்படி மட்டையத் தொடும்?" மறுபடி நெத்திலியை எடுத்தாள். "என்னையத் திட்டட்டும். எனக்கு ஒண்ணும் ஆவாது."

புஷ்பா பள்ளிக்கூட நாளில் மாநில அளவில் ஆடியவள். மருத்துவமனை வார்டில் இத்தனை வருடம் வேலை பார்க்கிறவள். ஒன்றும் ஆகாது என்று அவள் சொன்னால் ஆகாது. நானும் எழுந்து வந்துவிட்டேன். மல்லிகா நாலாவதாக ஆடலாம் என்ற என் எண்ணம் மாறவில்லை. ஆனால் குழுவில் நான் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை எழுதவில்லை.

படி ஏறி வந்தவள்

அந்த வாரத்தின் நடுவில் ஒரு நாள், பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டு, ராணியின் வேன் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே வந்து நின்றது. படி ஏறி வந்து இரும்புக் கதவுக்கு வெளியே நின்றாள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு.

"அண்ணே, அண்ணி இருக்காங்களா?"

புஷ்பா உள்ளேயிருந்து வந்தாள். கதவைத் திறந்துவிட்டாள். இரண்டு பேரும் உட்காரவில்லை. நான் போய் விசிறியைப் போட்டேன்; வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

"அண்ணி, என்னைக் கீழ போட்டுடுங்க" என்றாள் ராணி. "ஒம்பதாவதா போடுங்க. இல்லாட்டி வெளிய ஒக்காத்தி வைங்க. எனக்கு ஒண்ணும் இல்ல."

"ஏன்?"

"ஏன்னு கேக்கிறீங்களா? நீங்க அந்தக் குழுவப் படிக்கிறது இல்லியா? என் மவ படிச்சிட்டு அழுவுறா, அண்ணி."

"மாத்த மாட்டேன்."

"நானே கேக்குறேன்."

"நீ கேட்டு நான் மாத்துனாலும், அவங்க கேட்டு மாத்துன மாதிரிதான்."

ராணியின் கண் சிவந்துவிட்டது. அடக்கி வைத்திருந்தது எல்லாம் ஒரே மூச்சில் வந்தது. "அன்னிக்கு நான் இருக்கேன்னு வந்தேன். போவச் சொன்னீங்க. இன்னிக்கு நானே போறேங்கறேன், விட மாட்டேங்கறீங்க. உங்களுக்கு என்னாதான் வேணும்?"

நான் புஷ்பாவைப் பார்க்கவில்லை. பார்க்க பயமாக இருந்தது.

புஷ்பா மெதுவாகப் பேசினாள். "அன்னிக்கு நான் பேசியிருக்கக் கூடாது. நல்லதுன்னு நெனச்சேன். நீ ரெண்டு பையத் தூக்கிட்டு எறங்கிப் போனப்பவே தெரிஞ்சிடுச்சு, தப்புன்னு. கூப்பிட்டிருக்கணும். வாய் வரல."

ராணி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"அதுக்குப் பரிகாரமா நாலாவது எடம் குடுக்கிறேன்னு நெனச்சிக்கிட்டியா?" புஷ்பாவின் குரல் மாறி, பழைய கோச் குரல் வந்துவிட்டது. "அப்படியெல்லாம் இல்ல. சொந்தம் பாத்து எடம் குடுத்தா டீம் நடத்த முடியாது. நீ அடிக்கிற. அதனால நிக்கிற. அவ்வளவுதான். ஞாயித்துக்கிழம சீக்கிரம் வந்துடு."

ராணி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "தண்ணி குடுங்க அண்ணி" என்றாள்.

புஷ்பா சமையலறைக்குப் போனாள். ராணி அவள் பின்னாலேயே போனாள். நான் கூடத்திலேயே நின்றேன். உள்ளே பாத்திரம் வைக்கிற சத்தமும், ஏதோ ஒரு டப்பாவைத் தேடுகிற சத்தமும், "அத ஏன் அங்க கொண்டு போயி வச்சிருக்கீங்க?" என்று ராணி கேட்பதும் கேட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை

இறுதி ஆட்டம் ஹுத்தான் மெலிந்தாங் டீமோடு. மீன்பிடிக் குடும்பத்துப் பெண்கள். வெயிலில் கறுத்துப் போன கைகள். பந்தை வலை இழுக்கிற மாதிரி இழுத்துப் போடுவார்கள். அவர்களின் மேனேஜர் ஒரு சீன அம்மாள். பெரிய பனையோலைத் தொப்பி, காலில் ரப்பர் செருப்பு. ஆட்டம் முழுக்க நின்றுகொண்டே இருந்தார்.

ஆட்டம் தொடங்கும் முன்பே குணசேகரன் என்னிடம் சொல்லிவிட்டான். "அண்ணே, டீம விட முடியாது. அதனால வந்துட்டோம். ஆனா ராணிக்கா வர்றப்ப நாங்க திரும்பி நிப்போம். கோச்சுக்குத் தெரியணும்."

"நான் ஒக்காந்திருப்பேன், குணா."

"நீங்க ஒக்காருங்கண்ணே. உங்கள யாரு என்னா சொன்னா?"

முதல் தடவை ராணி வந்தாள். முதுகுகள் திரும்பின. அடித்தாள், தூரத்தில் ஓடிப் போய்ப் பிடித்துவிட்டார்கள். இரண்டாவது தடவையும் அப்படியே. வலுவான அடி, நேராக ஒரு கையுறைக்குள். இரண்டு அடியையும் எங்கள் பக்கத்தில் பார்த்தவன் நான் ஒருவன். எதிர்ப் பக்கத்தில் அந்தத் தொப்பிக்கார அம்மாளும் பார்த்தார். இரண்டாவது அடிக்கு அவர் வாயைக் குவித்து ஊதியதை நான் கவனித்தேன்.

அப்படியே கடைசி முறைக்கு வந்தோம். நாங்கள் ஒரு ஓட்டம் பின்னால். இரண்டு பேர் அவுட். இரண்டாவது பேஸிலும் மூன்றாவது பேஸிலும் எங்கள் ஆட்கள். முதல் பேஸ் காலி. ராணி மட்டையோடு வந்தாள். எல்லாரும் எழுந்து திரும்பினார்கள்.

ராணி ஒரு நொடி எங்கள் பக்கம் பார்த்தாள். பிறகு காலை ஊன்றி மட்டையைத் தூக்கினாள்.

பந்து வரவில்லை. அந்தச் சீன அம்மாள் நடுவரிடம் நடந்து போய் நாலு விரலைக் காட்டினார். நடுவர் தலையாட்டிவிட்டு ராணிக்கு முதல் பேஸைக் கை காட்டினார். பந்தே போடாமல் ஒருத்தியை அங்கே அனுப்பிவிட ஆட்ட விதி இடம் கொடுக்கிறது. ராணி மட்டையைக் கீழே வைத்துவிட்டு நடந்தாள்.

சத்தம் எதுவும் வராததால் குணசேகரனுக்குப் பொறுக்கவில்லை. திரும்பாமலே என்னிடம் கேட்டான். "என்னா ஆச்சுண்ணே? அவுட்டா?"

"இல்ல. சும்மாவே பேஸுக்கு அனுப்பிட்டாங்க."

"ஏன்?"

"ராணிக்குப் பந்து போட மாட்டாங்களாம். மல்லிகாவுக்குப் போடுறாங்களாம்."

அவன் திரும்பினான். ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். முதல் பேஸில் ராணி நின்றாள். மூன்று பேஸும் நிறைந்துவிட்டது. எதிராளி மேனேஜர், எங்கள் ஆட்கள் ஒரு வாரமாகத் திட்டித் தீர்த்த ராணியைப் பார்த்துப் பயந்து, அவர்கள் தலையில் தூக்கி வைத்து ஆடிய மல்லிகாவே மேல் என்று முடிவு செய்திருந்தார்.

மல்லிகா வந்தாள். முதல் பந்தைத் தூக்கிவிடுவாள் என்று புஷ்பா சொன்னது காதிலேயே இருந்தது.

மல்லிகா தூக்கவில்லை. முதல் பந்தை விட்டாள். இரண்டாவதையும் விட்டாள். ஒன்றை வெளியே தட்டினாள். கெட்ட பந்து ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து விட்டாள். கடைசியாக ஒரு பந்துதான் பாக்கி என்ற நிலை வந்தது. அது நல்ல பந்தாக வந்தால் அடித்தே ஆக வேண்டும், இல்லையென்றால் முடிந்தது.

அடித்தாள். அது எங்கள் திடலில் நான் கேட்ட மிகச் சுத்தமான சத்தம். பந்து கோடு கிழித்த மாதிரிப் போனது. இரண்டாவது பேஸுக்குப் பக்கத்தில் நின்ற பெண் குதித்துக்கூடப் பிடிக்கவில்லை. முகத்தைக் காப்பாற்றக் கையைத் தூக்கினாள். பந்து அந்தக் கையுறைக்குள் போய் மாட்டிக்கொண்டது.

முடிந்தது. ஒரு ஓட்டத்தில் தோற்றோம்.

ராணியின் குரல்

ஹுத்தான் மெலிந்தாங் பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கத்திக்கொண்டிருந்தார்கள். மல்லிகா முதல் பேஸுக்குப் போகிற பாதி வழியில் நின்றுவிட்டாள். மழை ஒன்றிரண்டு துளி விழத் தொடங்கியது.

எங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. யாருடையது என்று எனக்குத் தெரியும், எழுத வேண்டாம். "மூணு பேஸும் நெறஞ்சி நிக்கிறப்ப இப்படியா நேரா கையில கொண்டு போயி குடுப்பாங்க? கண்ணு எங்க லா இருந்துச்சு?"

சத்தமாகத்தான் சொன்னான். மல்லிகா காதில் விழுந்தது. அவள் தலை குனிந்தது.

ராணி முதல் பேஸிலிருந்து நேராக வேலிக்கு வந்தாள். தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். இத்தனை நாளாக ஒரு வார்த்தை திருப்பிப் பேசாதவள்.

"யாரு சொன்னது?"

ஆட்கள் வேலியை விட்டு ஓரடி பின்னால் நகர்ந்தார்கள்.

"எனக்கு முதுகக் காட்டுனீங்க. நான் தாங்கிக்கிட்டேன். இந்தப் பொண்ணுகிட்ட இத ஆரம்பிச்சீங்கன்னா, அடுத்த வருஷம் திடலுக்கு நான் வர மாட்டேன். என் வேன்ல வர்ற ஒருத்தியும் வர மாட்டா. நீங்களே மட்டையப் புடிச்சி, நீங்களே வரிசையப் போட்டு, நீங்களே ஆடிக்குங்க."

"யாரும் ஒண்ணும் சொல்லல, ராணிக்கா" என்றான் குணசேகரன்.

"சொன்னாங்க. நான் கேட்டேன். அவ அடிச்ச அடியப் பாத்தீங்களா இல்லியா?"

"பாத்தோம் லா."

"நல்ல அடியா இல்லியா?"

"நல்ல அடிதான்."

"அப்ப கைதட்டுங்க."

ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பள்ளி வேனில் பின்சீட்டில் சண்டை போடும் பிள்ளைகளை அடக்குகிற குரல் ஒன்று ராணியிடம் உண்டு. அதை எடுத்தாள். "கைதட்டுங்கங்கறேன்!"

தட்டினார்கள். முதலில் சோற்றுக்குக் கை கழுவுகிற மாதிரி. பிறகு குணசேகரன் உறுமியைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு அடித்தான். தோற்ற டீமுக்கு அப்படி மேளம் அடித்து நான் பார்த்ததில்லை. ஜெயித்தவர்களே நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

புஷ்பா அதற்குள் மல்லிகாவிடம் போயிருந்தாள். அவள் தோளில் கை வைத்து என்னவோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று அன்றைக்கே பிறகு நான் கேட்டேன். "ஒன்னைய நான் தப்பா எட போட்டேன், மல்லிகா. நீ பதறவே இல்லன்னு சொன்னேன்" என்றாள். அதைச் சொல்ல அவளுக்குக் கூச்சம் இல்லை. தான் நினைத்தது சரியில்லை என்று தெரிந்தால் அந்த இடத்திலேயே சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறவள்.

மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் வேனுக்கு ஓடினோம். அன்றைக்கு ராணி வீட்டில்தான் சாப்பாடு. நாங்கள் இரண்டு பேரும் அவள் வீட்டில் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை.

புதிய வரிசை

இந்த வருட முதல் ஆட்டம் இப்போதுதான் முடிந்தது. ஆட்டம் தொடங்கும் முன் புஷ்பா வரிசையை வாசித்தாள். நாலாவது மல்லிகா. ஐந்தாவது ராணி.

ஆதரவாளர்கள் கேட்டதையெல்லாம் கொடுத்தாயிற்று, இனிமேல் நிம்மதி என்றுதான் நான் நினைத்தேன். குணசேகரன் வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினான்.

"கோச்! ராணிக்காவ ஏன் கீழ எறக்கினீங்க? ஹுத்தான் மெலிந்தாங்காரங்களே அவங்களப் பாத்து பயந்தாங்க லா! அவங்களப் போயி அஞ்சாவதா போடுறீங்களே!"

புஷ்பா அவனைப் பார்த்தாள். ஒரு நிமிடம் கோபப்படப் போகிறாள் என்று நினைத்தேன். திடலில் வைத்து அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அன்றைக்குச் சிரித்தாள். பெஞ்சில் உட்கார்ந்து ஷூக்கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்த ராணியும் சிரித்தாள்.

"நாலோ அஞ்சோ, வர்ற பந்து அதே பந்துதான் குணா. நீ போயி மேளத்த அடி" என்றாள் ராணி.

அவன் முணுமுணுத்துக்கொண்டே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். என் கையிலிருந்த கச்சாங் பூத்தே பொட்டலத்திலிருந்து கேட்காமலே ஒரு பிடி கடலை அள்ளினான். கொஞ்ச நேரம் மென்றான். பிறகு என் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தினான்.

"எல்லாம் சரிண்ணே. ஆனா ரெண்டாவதா தேவியப் போட்டிருக்காங்க பாருங்க, அதுதான் எனக்குப் புரியல."

எனக்கும் அது புரியவில்லை. நான் நகர்ந்து அவனுக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டேன்.